கொன்றவர் வாரிசாக முடியுமா? சந்தேக மரணங்களும் சொத்துரிமையும்

1666ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில் உயர் நீதிப் பதவி வகித்த ஒருவர் நோய்வாய்ப்பட்டு இறந்தார். நோயில் கிடந்தவருக்கு அருகிலிருந்து பணிவிடை செய்தவர் அவருடைய மகள், பிரன்வில்லியே சீமாட்டி. நான்கு ஆண்டுகள் கழித்து, 1670இல், அச்சீமாட்டியின் சகோதரர்கள் இருவரும் சில மாத இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். 1672இல் அவருடைய காதலர் இறந்து, அவர் விட்டுச்சென்ற பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே இருந்த கடிதங்களும் நஞ்சுப் பொருட்களும் அந்த மூன்று மரணங்களுக்கும் விடை சொல்லின. தப்பி ஓடிய சீமாட்டி பிடிபட்டு, 1676 ஜூலையில் பாரிஸில் தலை வெட்டப்பட்டார். பாஷாணத்துக்கு, அதாவது ஆர்சனிக்குக்கு, பிரெஞ்சு மொழியில் ‘வாரிசுப் பொடி’ என்ற பட்டப்பெயர் வழங்கியதும் அந்தக் காலத்தின் அச்சத்தைக் காட்டுகிறது.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நஞ்சைப் பற்றியே பேசுவார்கள். வாரிசுரிமையைப் புரிந்துகொள்ள விரும்புபவர் கவனிக்க வேண்டியதோ இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை. தந்தை இறந்தது 1666இல். பெட்டி திறக்கப்பட்டது 1672இல். இடையில் அந்தச் சொத்து யாருடையதாக இருந்தது? ஒருவர் இறந்த கணத்திலேயே அவருடைய சொத்து அடுத்தவருக்கு உரியதாகிவிடுகிறது என்பதே பெரும்பாலான சட்டங்களின் அடிப்படை; உரிமையாளர் இல்லாமல் ஒரு கணமும் சொத்து நிற்பதைச் சட்டம் விரும்புவதில்லை. ஆனால் அந்த மரணம் எப்படி நேர்ந்தது என்ற உண்மை பல ஆண்டுகள் கழித்து வரலாம், வராமலே போகலாம். உடனே கைமாறும் சொத்துக்கும் தாமதமாக வரும் உண்மைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை அடைப்பதற்காக உருவானவைதான் இக்கட்டுரையில் வரும் விதிகள் எல்லாம்.

முதல் விதி, கொன்றவர் கொல்லப்பட்டவரின் சொத்தை அடையக் கூடாது என்பது. இது சொல்லாமலே விளங்கும் நியாயமாகத் தோன்றும். ஆயினும் நீதிமன்றங்கள் இதை எளிதில் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1882இல் நியூயார்க் மாநிலத்தில் எல்மர் பால்மர் என்ற பதினாறு வயதுச் சிறுவன், தனக்குப் பெரும்பகுதிச் சொத்தை எழுதிவைத்திருந்த தாத்தா அந்த உயிலை மாற்றிவிடுவாரோ என்று அஞ்சி அவருக்கு நஞ்சு வைத்துக் கொன்றான். கொலைக் குற்றத்துக்காக அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. சொத்து அவனுக்குப் போகக் கூடாது என்று தாத்தாவின் மகள்கள் தனியாக வழக்குத் தொடர்ந்தார்கள். சிக்கல் என்னவென்றால், உயில் முறைப்படி எழுதப்பட்டிருந்தது, சாட்சிகள் இருந்தார்கள், எழுதியவர் அதை மாற்றாமலே இறந்திருந்தார். கொலைகாரன் உயிலின்படி சொத்தைப் பெறக் கூடாது என்று அந்த மாநிலத்தின் உயில் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

1889இல் அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாக எல்மருக்குச் சொத்து இல்லை என்றது. தன் தவறைக் கொண்டே ஒருவர் லாபம் அடைய முடியாது என்பது எல்லாச் சட்டங்களுக்கும் அடியில் ஓடும் பொது நெறி என்றும், சட்டத்தை இயற்றியவர்கள் இப்படியொரு நிலையை முன்கூட்டியே நினைத்திருந்தால் நிச்சயம் விலக்கு எழுதியிருப்பார்கள் என்றும் அத்தீர்ப்பு வாதிட்டது. மாறுபட்ட நீதிபதிகள், சட்டம் எழுதாததை நீதிமன்றம் எழுதக் கூடாது என்றும், கொலைக்குச் சட்டம் விதித்த தண்டனையை அவன் ஏற்கெனவே பெற்றுவிட்டான் என்றும், சொத்தைப் பறிப்பது இரண்டாவது தண்டனையாகும் என்றும் எழுதினார்கள். என் மனம் பெரும்பான்மைத் தீர்ப்பின் பக்கம் சாய்ந்தாலும், மாறுபட்ட தீர்ப்பை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. அந்த வாதத்துக்கு அஞ்சித்தானோ என்னவோ, பல நாடுகள் பின்னாளில் இவ்விதியைச் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்டன.

இந்தியாவில் இதன் வரலாறு, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டனின் பிரிவி கவுன்சில் 1924இல் அளித்த ஒரு தீர்ப்பிலிருந்து தெளிவாகத் தொடங்குகிறது. கொலை செய்தவரை வாரிசு வரிசையில் இல்லாதவராகவே கருத வேண்டும். அவரிடமிருந்து ஒரு புதிய வம்சவழி தொடங்குவதாகவும் கொள்ளக் கூடாது என்று அது கூறியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு இதற்குச் சட்ட வடிவம் தந்தது. கொலை செய்தவரும் கொலைக்கு உடந்தையாக இருந்தவரும் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாகத் தகுதி இழக்கிறார்கள். படிப்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுவார்கள். ஆனால் அப்பிரிவின் இரண்டாம் பாதிதான் கூர்மையானது. எந்த வாரிசுரிமையை விரைவுபடுத்துவதற்காகக் கொலை நடந்ததோ, அந்தச் சொத்துக்கும் தகுதி இழப்பு உண்டு. தந்தை உயிரோடிருக்கும்போதே அவருடைய பெருஞ்சொத்தில் தன் பங்கைக் கூட்டிக்கொள்ள எண்ணித் தம்பி அண்ணனைக் கொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தந்தை இயல்பாக இறக்கிறார். தந்தையைத் தம்பி கொல்லவில்லைதான். ஆயினும் தந்தையின் சொத்தைக் குறிவைத்தே அண்ணனைக் கொன்றதால், அந்தச் சொத்துக்கும் அவன் உரிமை கோர முடியாது. வரிசையாக நிகழும் மரணங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுபோல் இந்தச் சொற்றொடர் அமைந்திருக்கிறது.

தகுதி இழந்தவரின் பங்கு எங்கே போகும்? அவர் சொத்துக்காரருக்கு முன்பே இறந்துவிட்டதாகக் கருதிச் சொத்தைப் பிரிக்க வேண்டும் என்று 27ஆவது பிரிவு கூறுகிறது. இந்தக் கற்பனை மரணம் ஒரு விசித்திரமான கேள்வியை எழுப்பியது. முன்பே இறந்த மகனின் மனைவிக்கு, அதாவது விதவை மருமகளுக்கு, மாமனார் சொத்தில் முதல்நிலை வாரிசாகப் பங்கு உண்டு. அப்படியானால், தந்தையைக் கொன்ற மகனைச் சட்டம் ‘இறந்தவன்’ என்று கருதும்போது அவன் மனைவியும் சட்டத்தின் கண்ணில் விதவையாகி மாமனார் சொத்தைக் கேட்கலாமா? தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் இதே கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 2005இல் அளித்த தீர்ப்பில் நீதிமன்றம் மனைவியின் கோரிக்கையை மறுத்தது. அவருடைய உரிமை கணவன் வழியாக மட்டுமே வருவது. கணவனுக்கே இல்லாத ஒன்று அவன் வழியாக வேறொருவருக்கு வர முடியாது என்பது அதன் காரணம். கொன்றவர் முன்வாசல் வழியாக நுழைய முடியாத வீட்டுக்குள் பின்வாசல் வழியாகவும் நுழைந்துவிடக் கூடாது என்ற கவலை இதில் தெரிகிறது.

ஆனால் இதே கவலை, குற்றமே செய்யாத ஒரு குழந்தையையும் வெளியே நிறுத்திவிடக்கூடும். இங்கிலாந்தில் ஒருவர் தன் தாய் தந்தை இருவரையும் கொன்றார். அவருக்கு ஒரு சிறு குழந்தை இருந்தது. தாத்தா பாட்டியின் சொத்து பேரக் குழந்தைக்குச் சேர வேண்டும் என்று கோரப்பட்டபோது, அன்றைய சட்டப்படி தந்தை உயிரோடிருக்கும்வரை பேரக் குழந்தை வாரிசாக முடியாது என்று 2000ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. சொத்து வேறு உறவினருக்குப் போயிற்று. இதைச் சரிசெய்ய 2011இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, கொன்றவர் கொல்லப்பட்டவருக்குச் சற்று முன்பே இறந்துவிட்டதாகக் கருதி, அவருடைய பிள்ளைகள் பங்கு பெற வழி செய்யப்பட்டது. ஒரே கற்பனை மரணத்தை வைத்துக்கொண்டு இரு நாடுகளின் சட்டங்கள் வேறு வேறு திசையில் நடப்பதை இங்கே காணலாம்.

ஆயுள் காப்பீட்டுத் தொகைக்கும் இதே நெறிதான். லிவர்பூலில் கணவனுக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாக 1889இல் தண்டிக்கப்பட்ட ஃபுளோரன்ஸ் மேபிரிக்கின் வழக்கில், மனைவிக்குக் காப்பீட்டுத் தொகை இல்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி நிறுவனம் பணத்தைத் தானே வைத்துக்கொள்ளவும் முடியாது, இறந்தவரின் சொத்தோடு அதைச் சேர்க்க வேண்டும் என்று 1892இல் தீர்ப்பானது.

இதுவரை சொன்னவை அனைத்தும் கொலை என்பது நிறுவப்பட்ட பிறகு செயல்படும் விதிகள். உண்மையில் பெரும்பாலான குடும்பச் சண்டைகளில் இருப்பது சந்தேகம் மட்டுமே. செல்வந்தர் வீட்டுச் சாவைப் பற்றிப் பேசும்போது முதலில் எழும் கேள்வி, ‘இதனால் யாருக்கு லாபம்?’ என்பது. விசாரணையைத் தொடங்குவதற்கு அது நல்ல கேள்வி. முடிப்பதற்கு மிக மோசமான கேள்வி. சொத்துள்ள வீட்டில் நிகழும் ஒவ்வொரு மரணத்திலும், தொண்ணூறு வயதில் தூக்கத்தில் நேரும் மரணத்திலும்கூட, யாரோ ஒருவருக்கு லாபம் இருந்தே தீரும். எனவே லாபம் கிடைத்தது என்பது மட்டும் எதையும் நிறுவுவதில்லை. எப்படி இறந்தார், எதனால் இறந்தார், அப்போது யாருக்கு அவர் அருகில் செல்லும் வாய்ப்பு இருந்தது என்பவற்றுக்கு உடலும் ஆவணங்களும் விடை சொல்ல வேண்டும்.

உடல் விடை சொல்லத் தொடங்கியதும் அண்மைக் காலத்தில்தான். 1830களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், வசதியான முதிய விவசாயி ஒருவரின் காப்பியில் ஆர்சனிக் கலந்து கொன்றதாக அவருடைய பேரன் மீது வழக்கு நடந்தது. வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் ஆர்சனிக் இருப்பதைச் சோதனையில் கண்டார்; ஆனால் நீதிமன்றத்துக்கு அந்த மாதிரி வந்து சேர்வதற்குள் அது சிதைந்துபோனதால் ஜூரிகளுக்கு அவரால் தெளிவாகக் காட்ட இயலவில்லை. பேரன் விடுதலையானான். அந்த ஏமாற்றத்தில் மார்ஷ் உழைத்து 1836இல் வெளியிட்ட சோதனை முறை, மிகச் சிறிய அளவு ஆர்சனிக்கையும் கண்ணாடியில் பளபளக்கும் கறுப்புப் படலமாக நிலைநிறுத்திக் காட்டியது. முடியிலும் நகத்திலும் ஆர்சனிக் நெடுங்காலம் தங்கும் என்பதால், புதைத்த உடலைத் தோண்டியெடுத்தும் விடை பெற முடிந்தது. எல்லா நஞ்சும் அப்படித் தங்குவதில்லை. உடலை எரித்துவிட்டால் தேடுவதற்கே ஒன்றும் மிஞ்சாது. சந்தேகம் உள்ளவர் இறுதிச் சடங்குக்கு முன்பே காவல் துறையிடம் சொல்லிப் பிரேதப் பரிசோதனை கோர வேண்டும் என்று வழக்கறிஞர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

சில நேரங்களில் உடலுக்கு முன்பாகத் தாள் பேசிவிடுகிறது. 1998 ஜூனில் இங்கிலாந்தின் ஹைட் நகரில் 81 வயதுப் பெண்மணி ஒருவர் வீட்டில் இறந்து கிடந்தார். முதுமையே காரணம் என்று மருத்துவர் ஹரால்டு ஷிப்மன் சான்று அளித்தார். சந்தேகத்தை எழுப்பியது மரணமன்று, உயில். மகளையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஏறத்தாழ 3,86,000 பவுண்டு மதிப்புள்ள சொத்தை அதே மருத்துவருக்கு எழுதிவைத்திருந்தது அது. மகள் வழக்கறிஞர், தாயின் விவகாரங்களைக் கவனித்து வந்தவர், முந்தைய உயிலைப் பற்றி அறிந்தவர். மோசமாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்த அந்தப் புதிய உயிலைத் தாய் எழுதியிருக்க முடியாது என்று அவர் காவல் துறைக்குச் சென்றார். உடல் தோண்டப்பட்டபோது அதில் போதை மருந்தான டைமார்ஃபின் இருந்தது. தட்டச்சு இயந்திரம் ஷிப்மனுடையது. 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்கும் உயிலைப் போலியாகத் தயாரித்ததற்கும் அவர் தண்டிக்கப்பட்டார். பின்னர் நடந்த பொது விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று கண்டது. அத்தனை மரணங்களும் வெளிக்கொணராத உண்மையை ஓர் உயில் வெளிக்கொணர்ந்துவிட்டது.

கொலை இல்லாத இடத்திலும் உயில் சந்தேகத்துக்கு உரியதாகலாம். 1838இலேயே பிரிவி கவுன்சில், ஓர் உயிலால் பயன்பெறுபவரே அதைத் தயாரித்திருந்தால் நீதிமன்றம் விழிப்போடு ஆராய வேண்டும் என்று சொன்னது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று, 1959ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியாகி இன்றும் மேற்கோள் காட்டப்படுவது, இதை விரிவாக்கியது. கையொப்பம் நடுங்கியிருப்பது, எழுதியவரின் மனத் தெளிவில் ஐயம் இருப்பது, நெருங்கிய வாரிசுகளைக் காரணமின்றி ஒதுக்கியிருப்பது, பெரும்பயன் அடைபவரே முன்னின்று எழுத வைத்திருப்பது போன்ற சூழல்கள் இருந்தால், அந்த ஐயங்களைப் போக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது. எதிர்ப்பவர் அதைப் பொய் என்று நிறுவ வேண்டும் என்பதில்லை. இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டிருப்பது மட்டும் போதாது என்பதைப் பலர் நீதிமன்றத்துக்கு வந்த பிறகே அறிகிறார்கள்.

ஒரே குடும்பத்தில் பலர் இறக்கும்போது எழும் இன்னொரு கேள்வி, யார் முதலில் இறந்தார் என்பது. 2016இல் இங்கிலாந்தில் 79 வயதுக் கணவரும் 69 வயது மனைவியும் வீட்டில் குளிரால் இறந்து கிடந்தனர். இருவருக்கும் முந்தைய மணவாழ்வில் ஆளுக்கொரு மகள். கணவர் முதலில் இறந்திருந்தால் வீடு மனைவிக்குப் போய், அவர் வழியாக அவருடைய மகளுக்குச் சேரும். மனைவி முதலில் இறந்திருந்தால் நேர்மாறாகும். உடல்களின் நிலையை வைத்து வாதாடியும் வரிசையைத் தீர்மானிக்க முடியவில்லை. எனவே 2019இல் உயர் நீதிமன்றம், ஐயமுள்ள இடத்தில் மூத்தவர் முதலில் இறந்ததாகக் கொள்ள வேண்டும் என்ற 1925ஆம் ஆண்டுச் சட்ட விதியின்படி மனைவியின் மகளுக்கே சொத்தை வழங்கியது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவும் இதே அனுமானத்தையே கொள்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், வாரிசாக வேண்டியவர் குறைந்தது 120 மணி நேரமாவது கூடுதலாக உயிர் வாழ்ந்திருக்க வேண்டும்.

உண்மை வரும்வரை சொத்தை என்ன செய்வது? சந்தேகம் கொண்ட உறவினர், தன்னைக் கேட்காமல் உயிலுக்குப் புரோபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, வழங்கக் கூடாது என்று கேவியட் என்னும் முன்னெச்சரிக்கை மனுவைத் தாக்கல் செய்யலாம். விற்பனைக்கு இடைக்காலத் தடை கேட்கலாம். நீதிமன்றம் நடுநிலையான ஒருவரை நிர்வாகியாக நியமிக்கலாம். இவை விரைவில் செய்ய வேண்டியவை. விற்றுக் கைமாறிய நிலத்தை, விவரம் அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரிடமிருந்து மீட்பது கடினம்.

உண்மை வராமலே போனால்? குற்றவியல் நீதிமன்றத்தில் நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிறுவப்பட வேண்டும்; சொத்து வழக்கிலோ எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று எடைபோட்டாலே போதும். அதனால் ஒரு நீதிமன்றத்தில் விடுதலையானவர் இன்னொன்றில் சொத்தை இழக்கும் நிலை வரலாம். அமெரிக்கப் பெருஞ்செல்வக் குடும்பம் ஒன்றின் வாரிசான சன்னி வான் பூலோ 1980 டிசம்பரில் மீளா மயக்கத்தில் ஆழ்ந்தார். அவரைக் கொல்ல இன்சுலின் செலுத்தினார் என்று கணவர் கிளாஸ் வான் பூலோ 1982இல் தண்டிக்கப்பட்டார். அத்தீர்ப்பு 1984இல் ரத்தானது. 1985இல் நடந்த மறு விசாரணையில் அவர் விடுதலையானார். சன்னியின் முந்தைய மணத்துப் பிள்ளைகள் அதோடு நிற்காமல் உரிமையியல் வழக்குத் தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குள்ளும் பிளவு வந்தது. தந்தையை ஆதரித்த இளைய மகளைப் பாட்டி தன் உயிலிலிருந்து நீக்கியிருந்தார். 1987இல் வழக்குத் தீர்ப்பின்றிச் சமரசத்தில் முடிந்தது. கணவர் மனைவியின் சொத்தின் மீதான உரிமைகளைக் கைவிட்டு மணமுறிவுக்கும் இசைந்தார். அதற்கு ஈடாக இளைய மகளுக்குப் பாட்டியின் சொத்தில் பங்கு திரும்பக் கிடைத்தது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது சன்னி உயிரோடுதான் இருந்தார். கண் விழிக்காமலே 2008இல் இறந்தார்.